பொந்து எண்ணப் போனவள்

முதல் நாள்

கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடத்ததும் தூக்கம் போய்விட்டது. மதுரையில் ராத்திரி பஸ் ஏறி, திருச்சியில் ரயிலுக்கு மாறி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அரைக்கண் திறந்து பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டு வந்தவள், இங்கேதான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். மே மாசத்துக் கொள்ளிடம். மணல்தான் அதிகம், நடுநடுவே தண்ணீர். இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கும், வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் இடையில், உப்புத் தண்ணீரில் நிற்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில்தான் அடுத்த ஒன்பது நாள்.

பிச்சாவரம் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் படகுச் சவாரி, எம்.ஜி.ஆர். படம் எடுத்த இடம். எனக்கும் நேற்றுவரை அவ்வளவுதான். சுமார் 1,100 ஹெக்டேர், ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள், அவற்றுக்கு நடுவே ஓடும் கால்வாய்கள், 2022-ல் கிடைத்த ராம்சார் அங்கீகாரம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியல்) எல்லாம் பிராஜெக்ட் கைக்கு வந்த பிறகு படித்தவை. பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருஷம் முடித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் இரண்டு மாச ஆய்வுப் பயிற்சி. அதில் களவேலை இந்த ஒன்பது நாள்தான். மீதி நாளெல்லாம் ஆய்வகத்தில் சேற்றைக் காயவைத்து எடை போடுவது.

வீட்டில் "சதுப்புநிலச் சூழலியல்" என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் எதுவும் பதியவில்லை. கடைசியில், "நண்டுப் பொந்து எண்ணப் போறேன்" என்றேன். அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அதுக்கு எதுக்குடி காலேசுக்குப் போன?" என்றது. ஒன்பது நாளில் பதில் கிடைக்கிறதா பார்ப்போம்.

கிள்ளையில் ஒரு வீட்டு மாடியில் தங்கல். நானும், முனைவர் பட்டம் செய்யும் அக்காவும். பேராசிரியை மேடம் நடுவில் ஒருநாள் வருவார். ராத்திரிச் சாப்பாட்டில் மீன் இல்லை. தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் எல்லாம் விலை ஏறிக் கிடக்கிறது என்றார் வீட்டுக்கார அம்மா. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாள்

நாலு மணிக்கு எழுந்தோம். கடல் வற்றும் நேரத்துக்குத்தான் இங்கே கடிகாரம். தண்ணீர் ஏறியிருந்தால் சேறும் தெரியாது, பொந்தும் தெரியாது. இன்றைக்கு வத்தம் 5.40-க்கு. நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும். "மொத ரெண்டு நாளு சொகமா இருக்கும், அப்புறம் வெயில்ல வறுபடுவீங்க" என்றார் படகுக்கார அண்ணன். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் என்பதை அவர் காலண்டர் பார்க்காமலே சொன்னார்.

படகை விட்டு இறங்கிய முதல் அடியிலேயே முழங்கால்வரை போய்விட்டது. ஊரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த ரப்பர் பூட்ஸ் சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. அக்கா சிரிக்கவில்லை, அவருக்கும் முதல் வருஷம் அப்படித்தானாம். கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளக் காலுறையும், கயிறு இறுக்கிக் கட்டிய பழைய கேன்வாஸ் ஷூவும்தான் இங்கே சரி. வெறுங்கால் கூடாது. வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி.

வேலை இதுதான்: கால்வாய்க் கரையிலிருந்து காட்டுக்குள் நேர்கோடாக ஒரு கயிறு. பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைக்க வேண்டும். பிவிசி பைப்பில் நாமே செய்த சட்டம். அதற்குள் எத்தனை மூச்சுவேர், எத்தனை நண்டுப் பொந்து, என்ன மரம், என்ன கன்று எல்லாம் எண்ண வேண்டும். பிறகு ஒரு சாண் ஆழத்துக்குக் கையால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரை ஊசிக்குழாயில் எடுத்து உப்பு பார்க்க வேண்டும். இப்படி மூன்று கோடு.

கரையோரம் முழுக்கச் சுரபுன்னை. ஊன்றுகோல் ஊன்றிய கிழவர்கள் கூட்டமாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்பது மாதிரி இருக்கும். கொஞ்சம் உள்ளே போனால் வெண்கண்டல். அதற்கு ஊன்றுகோல் கிடையாது, தரைக்கு மேல் பென்சில் பென்சிலாக மூச்சுவேர். சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. ஒரே உப்புத் தண்ணீரை இரண்டும் இரண்டு விதமாகச் சமாளிக்கின்றன. சுரபுன்னை வேரிலேயே வடிகட்டி, பெரும்பாலான உப்பை உள்ளே விடாது. வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியாக வெளியே தள்ளும். "நக்கிப் பாரு" என்றார் அக்கா. நக்கினேன். நல்ல உப்பு. அடுத்த நாலு இலையையும் நக்கினேன், அது ஆராய்ச்சிக்காக அல்ல.

திரும்பும் வழியில் ஒரு மரத்தைக் காட்டி, "அதத் தொட்டுடாத பாப்பா, பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்" என்றார் அண்ணன். தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். இப்போது சிதம்பரம் போகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டுமானால் இங்கே வர வேண்டும். இரண்டொரு இலை சிவந்து கிடந்தது. அழகான மரம்தான், தள்ளி நின்று பார்த்தேன்.

மூன்றாம் நாள்

பொந்து எண்ணுவது சுலபம் என்று நினைத்தது நேற்று.

சட்டத்தை வைத்தேன். 43 பொந்து. அக்கா வந்து எண்ணினார், 51. மறுபடி நான், 47. சுண்டுவிரல் நுழையாத ஓட்டையும் பொந்துதானா? மூச்சுவேரை ஒட்டி இருப்பது பொந்தா, வேர் அசைந்து உண்டான இடைவெளியா? ஒரு நண்டு இரண்டு வாசல் வைத்திருந்தால் ஒன்றா இரண்டா? கடைசியில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, அதே அளவுக்கு ஒரு ஐஸ்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டோம்.

நண்டையே எண்ணிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நில்லு" என்றார் அக்கா. நின்றோம். மூச்சு விடலாம், கை அசைக்கக் கூடாது, கொசு கடித்தாலும் கூடாது. ஐந்து நிமிஷம் வெறும் சேறு. பிறகு ஒரு பொந்தின் வாயில் இரண்டு கண்கள் குச்சி மாதிரி எழுந்தன. அடுத்த பொந்தில் இரண்டு. பத்து நிமிஷத்தில் தரை முழுக்க நடமாட்டம். ஆண் ஃபிட்லர் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதை மேலே தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி, பெண்ணைக் கூப்பிடுகிறது. ஒரே நேரத்தில் நாற்பது பேர் கையசைக்கிறார்கள், கேட்க ஆளில்லை. சின்னக் கொடுக்கால் சேற்றை வாய்க்கு எடுத்து, அதில் இருக்கும் நுண்ணுயிரையும் பாசியையும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கடுகு கடுகாக உருட்டி வைக்கிறது. என் தும்மலில் எல்லாம் ஒரே நொடியில் மறைந்தது. மறுபடி பதினைந்து நிமிஷம் சிலை.

இதெல்லாம் எதற்கு என்றால், சேறு கறுப்பு. ஆக்சிஜன் இல்லாத கறுப்பு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகம் கலந்த வாயு. அக்கா ஒரு பொந்தைக் கரண்டியால் நெட்டுக்குத்தாக வெட்டிக் காட்டினார். கறுப்புச் சேற்றுக்கு நடுவில் பொந்தின் சுவரைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த பழுப்பு வளையம், ஒரு நகத்தின் அகலம். பொந்து வழியாகக் காற்றும் புதுத் தண்ணீரும் இறங்குவதால் அங்கே இரும்பு துருவாகிறது. நிறையப் பொந்து உள்ள சேறு சல்லடை மாதிரி. ஏற்றம் வரும்போது புதுத் தண்ணீர் உள்ளே போய், வத்தத்தில் உப்பையும் கழிவையும் கழுவிக்கொண்டு வெளியே வரும். அப்பத்தாவுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சாக்கடை வாட்டம் பார்த்துக் கட்டுவது அதற்குத் தெரியும், புரிந்துவிடும்.

நான்காம் நாள்

இன்று மூன்றாவது கோடு. காட்டுக்கு நடுவில் திடீரென்று வெட்டவெளி. ஒரு கிரிக்கெட் மைதானத்தில் பாதி இருக்கும். மரம் இல்லை. ஓரத்தில் உமரிச்செடி, நடுவில் வெடித்த சேறு, அதன்மேல் வெள்ளையாக உப்புப் படலம். நாலு பக்கமும் பச்சைக் காடு, நடுவில் வழுக்கை.

யாரோ சமீபத்தில் வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்டியது உண்மை, சமீபத்தில் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து, சுதந்திரத்துக்குப் பிறகும், கூப்பு கூப்பாகப் பிரித்து முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள், விறகுக்காக. தானாக முளைத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். முளைக்கவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்தது, காய்ந்த சேறு அமுங்கியது, அமுங்கிய இடம் தாம்பாளம் மாதிரி குழிந்தது. பெரிய ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வத்தத்தில் வெளியே போக வழியில்லை. தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. வெண்கண்டலே தாங்காத உப்பு.

ரொம்ப நாள் பழியை ஆடு மாடு மேல் போட்டிருக்கிறார்கள், விறகு பொறுக்கும் ஊர்க்காரர்கள் மேல் போட்டிருக்கிறார்கள். வேலி போட்டால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து வேறு மாதிரி யோசித்தார்கள்: மரம் நடுவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்டு. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, வாய்க்கால் ஓரத்தில் வைத்த கன்று நின்றது. இப்போது நாங்கள் காடு என்று நினைத்து நடக்கும் இடங்களில் கொஞ்சம் அப்படி வந்ததுதான். முத்துப்பேட்டையிலும் இதே முறைதான்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், நட்ட கன்றின் எண்ணிக்கையைச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஊரில் யாரோ சிலர் மண்வெட்டியோடு வாட்டம் பார்த்திருக்கிறார்கள்.

நாங்களும் இன்று வாட்டம் பார்த்தோம். கருவி, கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் கண்ணாடி டியூப். பத்து மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் கரையிலுள்ள குச்சியிலும் மறுமுனையை அக்கா வெட்டவெளியிலுள்ள குச்சியிலும் பிடிக்க, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். குமிழி போகத் தட்டித் தட்டி விரல் வலித்தது. விளிம்பிலுள்ள காட்டைவிட வழுக்கையின் நடு 17 சென்டிமீட்டர் பள்ளம். என் கையால் ஒரு சாண்கூட முழுசாக இல்லை. ஒரு காடு இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் இவ்வளவுதான் வித்தியாசம் என்று நம்ப முடியாமல் மூன்று தடவை அளந்தோம். 17, 16, 17.

ஐந்தாம் நாள்

மேடம் வந்தார். சேற்று மாதிரி எடுத்தோம். ஒரு மீட்டர் பிவிசி பைப்பைச் சேற்றில் இறக்கி, வாயை அடைத்து, இழுக்க வேண்டும். இறக்குவது இரண்டு நிமிஷம், இழுப்பது இருபது நிமிஷம். சேறு பைப்பை விட மறுக்கிறது. அண்ணனும் வந்து பிடித்தார். பிறகு ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாகக் கேக் மாதிரி வெட்டி, பொட்டலம் கட்டி, ஐஸ்பெட்டியில் வைத்தோம். ஆய்வகத்தில் காயவைத்து எடை போட்டு, உலையில் எரித்து மறுபடி எடை போட்டால், எரிந்துபோன எடையிலிருந்து எவ்வளவு கரிமம் இருந்தது என்று கணக்கிடலாம். காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் முழுசாக மக்காமல், அவற்றின் கரிமம் காற்றில் கலக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும், அதனால்தான் இந்தக் காடுகளுக்கு இப்போது உலகம் முழுக்க இவ்வளவு மரியாதை.

வெயில் கடுமை. மத்தியானம் ஒரு நிழலில் படகைக் கட்டிவிட்டுச் சாப்பிட்டோம். பேச்சு சுனாமிக்குப் போனது. எப்படியும் போகும். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயசு. "காடு இல்லன்னா எங்க ஊரு இல்ல. அவ்ளோதான்" என்றார். கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மாதிரி ஊர்களுக்கு நேர்ந்ததை அவர் சொல்லவில்லை. கைகாட்டி, "அந்தப் பக்கம்" என்றார், நிறுத்திக்கொண்டார்.

அவர் படகை அவிழ்க்கப் போனபோது மேடம் சின்னக் குரலில் சொன்னார். 2005-ல் இந்தக் கடலூர் கடற்கரையை வைத்தே ஆய்வுக்கட்டுரைகள் வந்தன, மரக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று. மறுவருஷமே மறுப்பு வந்தது: அந்த ஊர்கள் கடலிலிருந்து தூரத்திலும் கொஞ்சம் மேட்டிலும் இருக்கின்றன, காப்பாற்றியது காடா, தூரமா, மேடா என்று அந்தக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது என்று. "ரெண்டையும் படி. படிச்சுட்டு அவர்கிட்ட போய் விவாதம் பண்ணாத" என்றார்.

பண்ண மாட்டேன். ஆனால் நேற்று 17 சென்டிமீட்டரை அளந்தவளுக்கு அந்த மறுப்பு சும்மா தோன்றவில்லை. காடு மேட்டை உண்டாக்குகிறது, மேடு காட்டை நிற்க வைக்கிறது. இதில் எதைத் தனியாகப் பிரிப்பது?

ஆறாம் நாள்

இன்றைக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

வத்தம் ஒன்பது மணிக்கு. எங்களிடம் உப்புமானி ஒன்றுதான், அது அக்காவிடம் முதல் கோட்டில். நான் மூன்றாவது கோட்டில் தண்ணீரை மட்டும் எடுத்துச் சின்ன டப்பாக்களில் ஊற்றி வரிசையாக வைத்தேன். இருபத்துநாலு டப்பா. அக்கா வந்ததும் பார்த்துவிடலாம் என்று மூடி போடவில்லை. அக்கா வர ஒரு மணி ஆனது. அதுவரை நான் மரநிழலில் புளிச்சோறு சாப்பிட்டேன், டப்பாக்கள் படகின் பலகைமேல் வெயில் காய்ந்தன.

பிறகு உப்புமானியின் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிச்சத்தில் பார்த்துப் படித்தேன். கடல்நீர் 35 என்றால், கரையோரம் 44. காட்டுக்குள் 52. வழுக்கையில் 78, 81. எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு உப்பு இங்கே யாருமே பார்த்ததில்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "மூடி எங்க?"

மூடிகள் என் பையில் இருந்தன, ஒரு கவரில், பத்திரமாக.

ஐந்து மில்லி தண்ணீர், மே மாச வெயில், கடற்காற்று, ஒரு மணி நேரம். நான்காம் நாள் பக்கம் பக்கமாக எழுதினேனே, தேங்கிய தண்ணீர் வற்றி உப்பை விட்டுவிட்டுப் போகும் என்று. அதையே இருபத்துநாலு டப்பாவில் செய்து காட்டியிருக்கிறேன். அக்கா திட்டவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, தேதி போட்டு, "மூடி இல்லை" என்று எழுதச் சொன்னார். கிழிக்கக் கூடாதாம்.

ராத்திரி அம்மா போனில், "சாப்பிட்டியா, எல்லாம் நல்லாப் போகுதா?" என்றாள். நல்லாப் போகுது என்றேன்.

ஏழாம் நாள்

அட்டமி. "அட்டமி நவமிக்குத் தண்ணி சோம்பிக் கெடக்கும்" என்றார் அண்ணன். சந்திரன் பாதியாக இருக்கும் நாட்களில் ஏற்றமும் குறைவு, வத்தமும் குறைவு. இங்கே பெரிய ஏற்றத்துக்கே ஒரு மீட்டர் தாண்டாது, இன்றைக்குத் தண்ணீர் அசைந்ததா என்றே சந்தேகம். வழுக்கைக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

இருபத்துநாலு இடத்தையும் மறுபடி தோண்டினேன். ஒவ்வொரு சொட்டையும் எடுத்த இடத்திலேயே பார்த்தேன். அக்கா தன் கோட்டை நிறுத்திவிட்டு உப்புமானியை என்னிடம் கொடுத்துவிட்டார். கரையோரம் 38, காட்டுக்குள் 43, வழுக்கையில் 61. கண்டுபிடிப்பு சுருங்கிவிட்டது, ஆனால் கரையிலிருந்து வழுக்கைவரை உப்பு படிப்படியாக ஏறுவது அப்படியே இருக்கிறது.

கால்வாயில் இருளர் பெண்கள் மூன்று பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறி என்ற கூடையில் போடுவார்கள். பறியின் கயிறு பல்லில் இருக்கும், பேச முடியாது. இந்தக் காட்டின் அடித்தரையை இவர்கள் அளவுக்குத் தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அதில் வயதானவர் கரையேறி, பறியை இறக்கிவிட்டு, நான் குச்சியை வைத்துப் பொந்து பொந்தாக எண்ணுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கும்மா எல்லாத்தையும் எண்ற?"

சொன்னேன்.

"அதுல பாதி காலி" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. குந்தி உட்கார்ந்து விரலால் காட்டினார். "இத பாரு, வாசல்ல புது மண்ணு. ஈரமா உருட்டிப் போட்டிருக்கு. ஆளு உள்ள இருக்கு. இது பாரு, ஓரம் காஞ்சு மழுங்கிப் போச்சு, சிலந்தி நூலு கட்டிருக்கு. ஊட்ட உட்டுப் போயிடுச்சு." களிநண்டு பிடிக்கிறவர்கள் காலி வளையில் கை விட்டுக்கொண்டிருந்தால் பிழைக்க முடியுமா?

ஐந்து நாளாக நானும் ஐஸ்குச்சியும் வீடுகளை எண்ணியிருக்கிறோம், குடித்தனத்தை எண்ணவில்லை. "தண்ணி வராத சேத்துல அது எதுக்கு இருக்கும்?" என்று வழுக்கைப் பக்கம் தாடையைக் காட்டிவிட்டு அவர் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு கட்டுரைக்கு நன்றியுரையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் பெயர் வர வேண்டும். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இன்னொரு சோதனை தொடங்கினோம். உதிர்ந்து மஞ்சளான சுரபுன்னை இலை இருபது. ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு மீட்டர் நைலான் நூல், மறுமுனை வேரில். செசார்மா வகை நண்டுகள் இலையைப் பொந்துக்குள் இழுத்துப் போய்த் தின்னும். அவை இழுக்காவிட்டால் வத்தம் அந்த இலையைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். எவ்வளவு இங்கேயே தங்குகிறது என்பது ஐந்தாம் நாள் எடுத்த சேற்றின் கணக்கோடு சேரும்.

எட்டாம் நாள்

மறு எண்ணிக்கை. நோட்டில் இப்போது இரண்டு கட்டம்: குடியிருப்பது, காலி. கரையோரச் சட்டங்களில் பத்துக்கு ஏழெட்டுப் பொந்தில் புது மண். வழுக்கையின் விளிம்பில் பத்துக்கு இரண்டு. பழைய எண்ணிக்கையில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசமே இருக்கவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன வருஷ டேட்டாவிலும் இது இல்லையே" என்றார். பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் புது மண் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். முந்நூறு போட்டோ.

அக்கா இன்றைக்கு ஒரு மரத்தைக் காட்டினார். இரண்டு சுரபுன்னை இனங்கள் தமக்குள் கலந்து பிறந்தது, ரைசோஃபோரா அண்ணாமலயானா. இந்தக் காட்டில் கண்டறிந்து, பக்கத்திலிருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு மற்றதிலிருந்து வித்தியாசம் தெரியவில்லை. பூவைப் பார்க்க வேண்டுமாம். பூ இல்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

முதுகு வெந்துவிட்டது. தூங்கப் போகிறேன்.

ஒன்பதாம் நாள்

சாயங்காலம் ரயில். ஐஸ்பெட்டியைத் துணி சுற்றிக் கட்டியாகிவிட்டது. டிக்கெட் பரிசோதகர் என்ன இது என்று கேட்டால் சேறு என்று சொல்ல வேண்டும், மீன் என்று சொல்லிவிடலாமா என்று அக்கா யோசிக்கிறார்.

காலையில் கடைசியாக இலைகளைப் பார்க்கப் போனோம். வேருக்கு வேர் குனிந்து நூலைத் தேடினேன். நாலு இலை போட்ட இடத்திலேயே கிடந்தது. மூன்று நூலில் இலையே இல்லை, நூல் மட்டும் அறுந்து கிடந்தது, அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அக்காவும் நானும் கொஞ்சம் சண்டை போட்டோம். பன்னிரண்டு நூல் நேராகப் பொந்துக்குள் போயிருந்தது. ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பார்த்தேன்: பாதி தின்ற இலை, நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, வெறும் காம்பு.

பதினேழாம் நம்பர் மிச்சம். வாசலில் புது மண், ஈரமாக. நூல் உள்ளே போயிருந்தது. பிடித்து லேசாக இழுத்தேன், வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், நின்றது. விட்டேன். நூல் என் விரலுக்கு நடுவிலிருந்து நழுவி, விட்டுவிட்டு, விட்டுவிட்டு, உள்ளே போனது. மறுபடி பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்தும் இழுத்தது.

"என்ன, இழுபட்டுதா இல்லையா? எழுதணும்" என்றார் அக்கா, நோட்டை விரித்துக்கொண்டு.

"இருங்கக்கா, இன்னும் முடிவாகல" என்றேன்.